வர்ஜீனியாவில் ஒரு தண்ணீர் மாவு மில்: பார்த்ததும் வாங்கி வந்ததும்

அருப்புக்கோட்டையில் முப்பத்திநாலு வருஷம் மாவு மில் நடத்தியவன் நான். எனக்கு முன்னால் அப்பா. மில்லைக் கைமாற்றிவிட்டு மகள் வீட்டில் ஆறு மாதம் இருக்கலாம் என்று அமெரிக்கா வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று காரில் ஏற்றினாள். இறக்கிவிட்ட இடம் ஒரு மாவு மில் வாசல். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

இடத்தின் பெயர் கோல்வின் ரன் மில். வர்ஜீனியாவில், கிரேட் ஃபால்ஸ் ஊரில், லீஸ்பர்க் போகிற ஏழாம் நம்பர் சாலையை ஒட்டி இருக்கிறது. ஹெர்ன்டன், ஸ்டெர்லிங் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கு ரொம்பப் பக்கம். 1811 வாக்கில் எழுப்பிய செங்கல் கட்டடம். 1930-கள் வரை பிழைப்புக்கு அரைத்திருக்கிறார்கள். பிறகு பாழாகக் கிடந்ததை ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் பூங்காத் துறை வாங்கிச் சரிசெய்து, இன்றைக்கும் ஓட்டுகிறது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தினமும் அரைப்பதில்லை. அரைக்கிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். ஓடாத மில்லைப் பார்ப்பது ஆறிப்போன காபி மாதிரி.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் படம் எடுப்பது வெளியே இருக்கிற மரச் சக்கரத்தைத்தான். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. மேலே மரவாய்க்காலில் தண்ணீர் வந்து சக்கரத்தின் தலையில் விழுகிறது. தண்ணீரின் எடைதான் சக்கரத்தைக் கீழே இழுக்கிறது. ஆற்றுக்குள் சக்கரத்தின் அடியை மட்டும் நனையவிட்டு ஓட்டத்தால் சுற்றவைப்பது பழைய முறை. 1759-ல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் சின்ன மாதிரிச் சக்கரம் செய்து அளந்து பார்த்து, தலையில் விழுகிற தண்ணீர் அடியில் இடிக்கிற தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று காட்டினார். என் பேரன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே போய்விட்டேன். மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்க்கவா மில்லுக்குப் போவோம்?

உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. கல் சூடும் தானியத்தின் பச்சை வாசமும் கலந்தது. ஊர் மில்லில் இதோடு மிளகாய் நெடியும் சேர்ந்திருக்கும். இங்கே அது இல்லை. மரப் பல் வைத்த பெரிய சக்கரங்கள் அதிகம் சத்தமில்லாமல் சுற்றுகின்றன. இரும்புப் பல்லோடு மரப் பல்லைக் கோப்பது பழைய தச்சர்கள் செய்த வேலை. சத்தம் குறையும், பொறி பறக்காது, ஏதாவது சிக்கினால் ஒரு மரப்பல் முறியுமே தவிர முழுச் சக்கரமும் போகாது. பொறி பறக்காததைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாவுத்தூசி வெடிக்கும். 1878 மே மாதம் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் என்ற பெரிய மில் அப்படித்தான் வெடித்து 18 தொழிலாளிகள் செத்தார்கள். மில்லுக்குள் யாராவது பீடி பற்றவைத்தால் அப்பா அடிக்கப் போவார். காரணம் சொல்ல மாட்டார், அடிதான்.

கல்லைப் பற்றி நிறையச் சொல்லலாம். கோதுமைக்கு உயர்ந்தது என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கியது பிரான்ஸ் தேசத்துக் கல். மார்ன் ஆற்றுப் பக்கம், லா ஃபெர்த்தே என்ற ஊரில் வெட்டியது. ஒரே பாளமாகக் கிடைக்காது. துண்டு துண்டாக எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துப் பொருத்தி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற மாதிரி சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்குவார்கள். கடினம், ஆனால் உள்ளே நுண்ணிய துளை நிறைய. தேயத் தேயப் புதிய முனை வரும். உமி பொடியாகாமல் பெரிய தவிடாகப் பிரியும், மாவு வெள்ளையாக விழும். அதற்காகத்தான் கப்பலில் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவந்தார்கள்.

கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். இரண்டும் ஒட்டக்கூடாது, நடுவில் காகிதம் நுழைகிற இடைவெளிதான். கல்லின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வாய்க்கால் வெட்டியிருக்கும். மேல்கல் வாய்க்காலும் கீழ்க்கல் வாய்க்காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று கடக்கும்போது தானியம் நறுக்குப்பட்டு வெளியே தள்ளப்படும். அதை அப்படியே நசுக்குவது என்று நினைப்பவர்கள் திரிகையில் கை வைத்ததில்லை. வாய்க்கால் மழுங்கினால் மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிக் கொத்த வேண்டும். ஒரு டன் எடைக் கல்லைத் தூக்க மரத்தில் ஒரு பாரந்தூக்கி பக்கத்திலேயே நிற்கிறது. திருகு சுற்றினால் ஒரு ஆளே கல்லைத் தூக்கிக் கவிழ்த்துவிடலாம். எங்கள் மில்லில் கல் சின்னது, எமரிக் கல், இரண்டு பேர் தம் பிடித்துத் தூக்குவோம். அந்தத் திருகைப் பார்த்ததும் என் இடுப்புக்குத்தான் முதலில் வருத்தம் வந்தது. கல் கொத்துகிறவன் கையில் உளிச்சிதறல் குத்திக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருக்கும். இங்கே பழைய நாளில் கொத்த வந்தவனிடம் கையைக் காட்டச் சொல்லித்தான் அனுபவத்தை அளந்தார்களாம். நம் ஊரில் "அம்மி கொத்தலையோ" என்று கூவி வருகிறவர் கையும் அப்படித்தானே இருந்தது.

தானியத்தொட்டிக்குக் கீழே ஒரு சின்னச் சாய்வுப் பெட்டி. கல்லோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு தண்டு அதைத் தட்டித் தட்டி ஆட்டும். கல் வேகமாகச் சுற்றினால் தானியம் அதிகம் விழும், மெதுவானால் குறையும். தானாகவே சரிப்படுத்திக்கொள்கிற ஏற்பாடு. அந்தத் தண்டுக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் "கன்னிப்பெண்", ஏனென்றால் ஓயாமல் பேசுமாம். மகள் முறைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பெயர் வைத்தது நான் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ரோமாபுரி காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வந்த சங்கதி. நான் மதிப்பெண் போடுவது மேல்மாடிகளுக்கு.

பழைய மில்லில் மாவு அரைபட்டுக் கீழே விழும். கல்லிலிருந்து வருகிற மாவு சூடு, ஈரமும் உண்டு. அதை அப்படியே சல்லடையில் போட்டால் பட்டுத்துணிக் கண் அடைத்துக்கொள்ளும். அதனால் மூட்டையில் அள்ளி, மேல்மாடிக்குச் சுமந்து, தரையில் கொட்டி, ஒரு பையன் மரக்கோலால் கிளறிக் கிளறி ஆறவைத்து, பிறகு சல்லடைக்குத் தள்ளுவான். மாவு மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போகும். எல்லாம் ஆள் தோளில். போகிற வழியெல்லாம் கொட்டும், மிதிபடும், அதையும் கூட்டி அள்ளி மாவோடு சேர்ப்பார்கள்.

டெலவேர் மாநிலத்தில் 1755-ல் பிறந்த ஆலிவர் எவன்ஸ் என்பவர் 1780-களில் இதற்கு முடிவு கட்டினார். பட்டையில் சின்னச் சின்ன வாளி கோத்து, அது சுற்றிச் சுற்றித் தானியத்தையும் மாவையும் மேலே ஏற்றும். எலிவேட்டர் என்று பெயர். படுக்கைவாட்டில் தள்ள ஒரு நீளத் தொட்டி. அதற்குள் ஒரு மரத்தண்டு, தண்டில் சின்ன மரத்துடுப்புகளைத் திருகு வாட்டத்தில் செருகியிருக்கிறார்கள். தண்டு சுற்றினால் மாவு நகர்ந்து போகும். பிறகு அந்தக் கிளறுகிற பையனுக்குப் பதிலாக ஒரு கருவி: நட்டுவைத்த தண்டில் நீளமான ஒரு கை, கையின் அடியில் சாய்வாகப் பலகைத் துண்டுகள். மெதுவாகச் சுற்றி, சூடான மாவைத் தரையில் பரப்பி, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு இழுத்துச் சல்லடைக்குப் போகிற துளையில் தள்ளும். அதற்கு அவர் வைத்த பெயர் "ஹாப்பர் பாய்". தொட்டிப் பையன்.

அந்தப் பையன் நான்தான். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வேலை அதுதான். இடியாப்ப மாவு மொத்தமாக வாங்குகிற கடைகளுக்கு மாவை வெள்ளைவேட்டியில் கொட்டிப் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு டின்னில் அடைத்தால் வேர்த்துக் கட்டி பிடிக்கும், இரண்டு நாளில் வண்டு. சில்லறைக்கு வருகிற அம்மாக்களிடம் "மூடிறாதீங்கக்கா, வீட்டுல போய்ப் பேப்பர் விரிச்சு ஆறப்போடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்தது. கல் கொத்துவதற்கு அடுத்தபடியாக மாவு கெடாமல் இருப்பது இந்த ஆறவைப்பதில்தான் என்று அப்பா சொல்வார். அதையே ஒருவர் கருவியாகச் செய்துவைத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கை சுற்றுகிற வட்டத்தருகே நின்றேன். பேரன் வந்து, "தாத்தா, வாட் இஸ் இட்?" என்றான். "நான்தாண்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

எவன்ஸுக்கு 1790 டிசம்பரில் கிடைத்தது அமெரிக்காவின் மூன்றாவது காப்புரிமை. அதற்கு முன்பே பக்கத்து ஊர் மில்காரர்களைத் தன் மில்லுக்கு வரவழைத்திருக்கிறார். வந்து பார்த்தால் மில்லில் ஆளே இல்லை, எல்லாம் தானாக ஓடுகிறது, முதலாளி வயலில் வைக்கோல் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். அசந்துபோவார்கள் என்று அவர் நினைத்தார். அவர்களோ சும்மா லொடலொட சாமான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மில்காரன் புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான்; பக்கத்து மில்லில் புது மெஷின் வந்தால் நாங்களும் அப்படித்தான் பேசினோம். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் 1791-லேயே தன் பண்ணைவீடான மவுண்ட் வெர்னான் பக்கத்து மில்லில் இந்த ஏற்பாட்டைப் பொருத்திவிட்டார். அவர் மாவை அடைத்த பீப்பாய்களைச் செய்தவர்கள் அடிமைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோள் சுமை குறைந்ததே என்று ஒரேயடியாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன் கதை இன்னும் ருசி. காப்புரிமை கொடுத்த மூன்று பேர் குழுவில் அவரும் ஒருவர். பிறகு 1813-ல் ஒரு கடிதத்தில், இதில் புதிதாக என்ன இருக்கிறது, வாளி கோத்த பட்டை கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பாரசீகச் சக்கரம்தானே, திருகு ஆர்க்கிமிடீஸ் செய்ததுதானே என்று எழுதினார். தன் மில்லுக்கு எவன்ஸ் கேட்ட கட்டணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் எழுதினார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் தண்ணீர் இறைத்த வாளியில் மாவை ஏற்றலாம் என்று அதுவரை எத்தனை பேருக்குத் தோன்றியது? தனித்தனிச் சாமான் புதிதில்லை. தானியம் உள்ளே போய் மாவாக வெளியே வருகிறவரை மனுஷன் கை படாமல் ஒன்றோடொன்று கோத்ததுதான் விஷயம். ஆள்கூலி பாதி குறையும் என்று 1795-ல் போட்ட புத்தகத்தில் எவன்ஸ் எழுதினார். விருதுநகர் பருப்பு மில்களில் இன்றைக்கும் அதே வாளிப் பட்டைதான் ஏறி இறங்குகிறது, தகரமும் ரப்பருமாக.

கீழே வந்தால் அரைத்துக்கொண்டிருந்த பெரியவர். புருவம் வெள்ளை, மாவா நரையா என்று தெரியவில்லை. விழுகிற மாவைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தேய்த்துப் பார்த்தார். நானும் கையை நீட்டினேன். எனக்கும் கொஞ்சம் போட்டார். நான் தேய்த்துப் பார்த்து, மேல்கல்லைக் கொஞ்சம் இறக்கலாம் என்று சைகை காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கல் இடைவெளியைச் சரிசெய்கிற திருகை ஒரு மயிரிழை திருப்பினார். மரியாதைக்குச் செய்தாரா, உண்மையிலேயே இறக்கினாரா, தெரியாது. அடுத்த கைப்பிடி நைஸாகத்தான் இருந்தது.

இனி மாவு. அங்கேயே இருக்கிற பழைய மளிகைக் கடையில் மில்லில் அரைத்தது பையில் கிடைக்கிறது. மூன்று வகை வாங்கினோம். மக்காச்சோள ரவையில் மகள் கிச்சடி கிண்டினாள்: ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்து, சின்னத் தீயில், பொறுமையாக. முதல் தரம். பம்பாய் ரவையைவிட ருசி என்று சொன்னால் என் மனைவி கோபிப்பாள், அதனால் சொல்லவில்லை. மக்காச்சோள மாவில் களி கிண்டினோம். கீரை மசியலோடு சரியாகப் போனது. கம்பங்களி மாதிரி பிடிப்பு வராது, உருண்டை கொஞ்சம் உதிரும். கோதுமை மாவில் தவிடு நிறைய. சப்பாத்திக்குப் பிசைந்ததும் தேய்க்கக்கூடாது, அரைமணி நேரமாவது ஊற வேண்டும். அப்புறம் நன்றாக உப்புகிறது. ஓரம் கொஞ்சம் விறைப்பு, நாக்கில் தவிட்டின் இனிப்பு. பூரிக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கல்லில் அரைத்த முழு மாவில் முளைக்கருவின் எண்ணெய் அப்படியே இருக்கும், வெளியில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். 1870-களுக்குப் பிறகு இரும்பு உருளை மில் வந்து கல்லைத் தள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம்: உருளை கருவைத் தனியே பிரித்துவிடும், மாவு மாதக்கணக்கில் தாங்கும். போன மாதம் இங்கே ஒரு மளிகைக் கடையில் வாங்கிய ஆட்டாப் பையைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாடை அடித்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் தேதி இன்னும் இருக்கிறதே என்றார்கள். மூக்கைவிடத் தேதி பெரிதா? இந்த மில் மாவை வாங்கினால் நேராக ஃப்ரீஸரில் வையுங்கள்.

எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் இப்போது மீனுக்கு இடமில்லை என்று சண்டை. அடுத்த அரைக்கிற நாள் எப்போது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். கூடவே, நாமே இரண்டு கிலோ கேழ்வரகு கொண்டுபோனால் அந்தப் பெரியவர் அரைத்துத் தருவாரா என்றும் கேட்டேன். மகள் இன்னும் பதில் சொல்லவில்லை.