ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம் தேர்வுசெய்ய ‘ஸ்பாப்ட்’: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

வண்டி பத்து, நிறுத்தத் தோதான இடம் நாற்பது. எந்தப் பத்தில் நிறுத்துவது? இதற்கு விடை தேட இலவசமாகக் கிடைக்கும் பைதான் நிரல்மொழி நூலகம் ஸ்பாப்ட் (spopt). ஆய்வாளர்கள் சர்ச்சும் ரெவெல்லும் 1974இல் வகுத்த எம்.சி.எல்.பி. கணக்கு இதில் தயாராகவே இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் அதிகபட்ச அழைப்புகளை எட்டும் இடங்களைத் தேர்ந்து தரும். இந்த அளவுக் கணக்கு சாதாரண மடிக்கணினியிலேயே நொடிகளில் முடிந்துவிடும்.

தவறு நேர்வதெல்லாம் தரவு ஊட்டும்போதுதான். பயண நேர அட்டவணையை, சாலைவழி நேரத்தைக் கணக்கிடும் ஓ.எஸ்.ஆர்.எம். (OSRM) என்ற இலவச மென்பொருள் நொடிக் கணக்கில் தரும். நிமிடம் என்று நினைத்து வரம்பை 12 எனப் போட்டால் ஏறக்குறைய எந்த ஊரும் எட்டாது. 720 போட வேண்டும். இலக்கு 15 நிமிடமானால், அழைப்பை வாங்கி பைலட் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) வண்டியைக் கிளப்ப 3 நிமிடமாவது கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இதைவிட மோசம். வண்டியிலிருந்து ஊருக்குக் கணக்கிட்டால் அட்டவணையின் கிடை வரிசைகளில் நிறுத்துமிடங்கள் வரும்; ஸ்பாப்ட் கிடை வரிசைகளில் ஊர்களை எதிர்பார்க்கிறது. அட்டவணையைத் திருப்பிப் போட மறந்து, இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்துவிட்டால், பிழைச் செய்தியே வராமல் தப்பான விடை வரும். சொந்த சர்வரிலும் அட்டவணை அளவு இயல்பான உச்சவரம்பைத் தாண்டினால் ஓ.எஸ்.ஆர்.எம். மறுக்கும், தொடங்கும்போதே அந்த உச்சவரம்பை உயர்த்திவிடுங்கள்.

அரசு மருத்துவமனை வாசல் போல மாற்ற முடியாத இடங்களை முன்கூட்டியே நிலைப்படுத்தும் வசதி அருமை. இதற்காகவே பரிந்துரைக்கலாம்.

பெரிய குறை: நிறுத்துமிடத்தில் வண்டி எப்போதும் காலியாக நிற்கும் என்று எம்.சி.எல்.பி. நம்புகிறது. வண்டி 30% நேரம் ஓட்டத்தில் இருந்தால், ஒரு வண்டி எட்டும் ஊருக்கு உண்மையான வாய்ப்பு 70%தான். இரண்டு எட்டினால் 91%, மூன்றானால் 97.3%. ஆய்வாளர் டாஸ்கின் 1983இல் தந்த எம்.இ.எக்ஸ்.சி.எல்.பி. இதைக் கணக்கில் கொள்ளும். ஸ்பாப்டில் அது இல்லை, பல்ப் (PuLP) என்ற இன்னொரு பைதான் நூலகம் கொண்டு தனியாக எழுத வேண்டும். நெரிசல் மிகுந்த நகரத்துக்கு அந்த உழைப்பு அவசியம்.

ரயில்வே கேட் மூடியிருப்பதும் மாலை நேரச் சந்தை நெரிசலும் இந்த அட்டவணையில் ஏறாது. வண்டிகளின் ஜி.பி.எஸ். பதிவை நேரவாரியாக எடுத்து ஒப்பிட்டு, நொடிகளைத் திருத்திய பிறகே கணக்கை ஓட்டுங்கள். தேர்வான இடத்தை நேரில் பார்க்கவும் வேண்டும்: நிழலும் கழிப்பறையும் இல்லையென்றால் பைலட்டும் இ.எம்.டி.யும் (அவசர மருத்துவ உதவியாளர்) வேறிடம் தேடித்தான் போவார்கள், வண்டியும் கூடவே போய்விடும்.