மென்பொருள் அளவீட்டுப் பயிற்சி: கணக்கு நன்று, களம் போதாது

நிரல் எழுதும் பணியிலிருந்து அளவீடு, செயல்முறை மேம்பாடு ஆகிய துறைகளுக்கு மாற விரும்பும் பொறியாளர்களுக்கென நடத்தப்படும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். கணக்கிடக் கற்றுத் தருவதில் இது தேர்ந்த பயிற்சி. கணக்கிட்ட பிறகு அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதில்தான் குறை.

நிரல் எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணால் காட்ட, தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்த சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி என்ற அளவு பற்றிய பாடம் அருமை. நிரல்கூறில் நிபந்தனைப்படி பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் அந்த அளவு கிடைத்துவிடும் என்று எளிமையாகக் காட்டுவதோடு, 10 என்ற வரம்பை வைத்த அவரே பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட கேஸ் கூற்றுகளுக்கு விலக்கு அளித்ததையும் ஆசிரியர் எடுத்துச் சொல்கிறார். இந்த விலக்கை அறியாமல் கருவி காட்டும் சிவப்பு நிறத்தைக் கண்டு நல்ல நிரலைத் துண்டாடும் குழுக்கள் உண்டு. இலக்கை முதலில் வகுத்து, அதிலிருந்து கேள்விகளை எழுப்பி, அதன்பிறகே அளவீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற மென்பொருள் ஆய்வாளர் விக்டர் பசிலியின் அணுகுமுறைக்கும் போதிய இடம் தரப்பட்டுள்ளது.

நிறுவனங்களின் செயல்முறைத் திறனை மதிப்பிடும் சிஎம்எம்ஐ சட்டகத்தின் ஐந்து முதிர்ச்சி நிலைகளுக்கு ஒதுக்கிய நேரம் மிக அதிகம். தணிக்கைக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். உற்பத்தி வழக்கமான எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்ட, தொழிற்சாலைக்கெனத் தரக்கட்டுப்பாட்டு அறிஞர் ஷூஹார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தை, ஒன்றுக்கொன்று அளவிலும் கடினத்திலும் வேறுபடும் மென்பொருள் பணிகளுக்கு அப்படியே பொருத்துவதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

பெரிய குறை வேறு. கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கையை வைத்துச் சோதனையாளரின் ஆண்டு மதிப்பீடு அமைந்தால் ஒரே பிழை மூன்றாகப் பதிவாகும். அதே எண்ணிக்கை நிரலாளருக்கு எதிராகத் திரும்பினால், பிழையைப் பதிவு செய்யாமல் வாய்மொழியாகச் சொல்லிவிடும்படி வேண்டுகோள் வரும். இந்தத் துறையில் அன்றாடம் எதிர்கொள்ள வேண்டிய இச்சிக்கலுக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான்.

இறுதிச் செயல்திட்டத்திலும், ஏற்கெனவே சீர்செய்த தரவுகளையே கொடுக்கிறார்கள். வேலை முடிந்த நாளில் மூடப்படாமல் மாதக் கடைசியில் மொத்தமாக மூடப்பட்ட டிக்கெட்டுகள் எனும் பணிப்பதிவுகளிலிருந்து உண்மையான பணிக்காலத்தைப் பிரித்தெடுக்கும் பயிற்சி இதில் இல்லை. இருந்தாலும் கணக்கிடக் கற்க விரும்பும் புதியவர்கள் தயங்காமல் சேரலாம். ஏற்கெனவே இப்பணியில் இருப்பவர்களுக்கு மெக்கேப், பசிலி பாடங்கள் மட்டும் போதும்.