சபாவா, அரசு நிதியா, அறக்கட்டளையா: சென்னையில் கலை மேலாண்மைப் பணி

கலை மேலாண்மையைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவருக்குச் சென்னையில் மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் வேலை ஏறத்தாழ ஒன்றே என்றாலும், பணம் வரும் இடம் மாறும்போது நாம் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும், எந்தக் கலைஞருக்கு உழைக்கிறோம் என்பதும் மாறிவிடுகின்றன.

தொழில் கற்பதற்கு, கச்சேரிகள் நடத்தும் சங்கமான சபாவை மிஞ்சிய இடமில்லை. 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டில் கருக்கொண்டு, 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி முதல் சிறிய சபாக்கள் வரை, மார்கழி நெருங்கினால் கச்சேரி நேரம் ஒதுக்குவது, பக்கவாத்தியம் அமைப்பது, ஒலியமைப்பைச் சரிபார்ப்பது, டிக்கெட் விற்பது என அத்தனையும் ஒரே சமயத்தில் தலைமேல் வந்து விழும். ஆனால் பல சபாக்களில் செயலாளர் பொறுப்பு கௌரவப் பதவியே. சம்பளத்துடன் கூடிய இடங்கள் குறைவு. உறுப்பினர் சந்தாவும் ஸ்பான்சர் பணமும் நடத்தும் மேடையில் அவர்களுடைய ரசனையே பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பதால், பறைக்கும் கூத்துக்கும் அங்கே இடம் கிடைப்பது அரிது.

நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் அறக்கட்டளைப் பணியில் ஊதியம் ஓரளவு மேலானது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. எனினும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பிறகுதான் கலை நினைவுக்கு வருகிறது. பொறுப்பதிகாரி மாறினால் திட்டமும் நின்றுபோகலாம்.

அரசு நிதியின் பக்கம் வந்தால், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் ஒன்றிய பண்பாட்டு அமைச்சகத்தின் குரு–சிஷ்ய பரம்பரை நிதியுதவியும் முக்கியமானவை. அரசு வேலைக்குப் போட்டி கடுமை. ஆகவே பெரும்பாலும் கலைக்குழுவின் சார்பில் விண்ணப்பம் எழுதி, கணக்கு முடித்துக் கொடுக்கும் மேலாளருக்கே வாய்ப்பு. ஒருமுறை ஒரு தெருக்கூத்துக் குழுவின் வாத்தியார் மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தவை: அரிதாரம் வாங்கிய துண்டுச்சீட்டு, வேன் வாடகையைப் பென்சிலால் குறித்த காலண்டர் தாள், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றியதற்கு வாய்க்கணக்கு. அவற்றையெல்லாம் வவுச்சர்களாக்கி, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுகளில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கி, நிதி உரிய காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைப் பட்டயக் கணக்காளரிடம் பெற இரண்டு பகல் ஆயிற்று. "இத்தனை வருஷமா ஆடுறேன் தம்பி, கணக்கெழுதத்தான் தெரியல" என்றார் அவர். எந்தப் புரவலரையும் அறியாத அவரைப் போன்றவர்கள், விதியைக் காட்டி உரிமையோடு கேட்கக்கூடிய பணம் அரசுப் பணம் மட்டுமே.

ஆகவே என் தேர்வு வெளிப்படையானது: முதல் இரண்டு சீசன்கள் சபாவில் வேலை பழகிவிட்டு, பிறகு அரசு நிதிக்கு வாருங்கள். ஆனால் தாமதத்துக்குத் தயாராக வேண்டும். அடுத்த தவணை வரும்வரை வட்டிக்கு வாங்கி ஆட்டம் நடத்தும் குழுக்களை அறிவேன். அதனால்தான் விண்ணப்பம் எழுதும் நாளிலேயே, பணம் வராத மாதங்களில் ஆட்களுக்கு எங்கிருந்து கூலி கொடுப்பது என்பதை வாத்தியாருடன் உட்கார்ந்து எழுதி வைத்துவிடுகிறேன்.