மேசை நடுவில் ஒரு கேமரா, மதுரையில் நான்

டீமில் ஆறு பேர் சென்னை ஆபீசில், நான் மட்டும் மதுரையில், வீட்டில். முன்பெல்லாம் மீட்டிங் என்றால் ஒரு லேப்டாப்பை ஓரமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள், எனக்குத் தெரிவது ஒருவரின் காதும் டீ கப்பும்தான்.

மூன்று மாதம் முன்பு மேசை நடுவில் வைக்கிற 360 டிகிரி கேமரா ஒன்று வாங்கினார்கள். திரையின் மேல் பாதியில் அறை முழுக்க ஒரு நீளப் பட்டையாக வரும், கீழே பேசுகிறவர் முகம் பெரிதாக. உள்ளே இருக்கும் பல மைக்குகளில் குரல் எதற்கு முதலில் வந்து சேர்கிறது என்று கணக்குப் போட்டு அந்தப் பக்கம் தாவுகிறது. ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டவர் யார் என்பதுகூட இப்போது தெரிகிறது, அதற்கே காசு கொடுக்கலாம்.

ஆனால் யாராவது மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் கேமரா அவரைத்தான் பேச்சாளர் என்கிறது! வெள்ளைப் பலகையை மறந்துவிடுங்கள், 1080பி, அதாவது சாதாரண எச்டி அளவுப் படத்தை வட்டம் முழுக்கப் பங்கு போட்டால் எழுத்துக்கு என்ன மிஞ்சும்? போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன்.

அப்புறம், மீட்டிங் நடக்கும் டீம்ஸ் செயலியில் கை தூக்கும் பட்டனை அழுத்தினால் வரிசைப்படி காட்டும், சரி, அறையில் யாரும் திரையைப் பார்க்காவிட்டால்? இப்போது வாரம் ஒருவர் அதைக் கவனிப்பதாக ஏற்பாடு. இந்த வாரம் மிக்சர்காரர் முறை.