ஹோஹென்வால்ட் அருகே ஓர் உடைந்த தூண்: மெரிவெதர் லூயிஸ் நினைவிடம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஹோஹென்வால்ட் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே ஏறத்தாழ ஏழு மைல் தள்ளி, நாச்செஸ் டிரேஸ் பார்க்வே சாலையின் 385.9ஆம் மைலில் மெரிவெதர் லூயிஸின் கல்லறையும் அதன்மேல் எழுப்பிய நினைவுத் தூணும் இருக்கின்றன. நாஷ்வில் வரை வருபவர்கள் ஒரு பகல் பொழுதை ஒதுக்கியாவது இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. சரக்கு வண்டிகளுக்கு அனுமதி இல்லாத சாலை என்பதால் வரும் வழியும் இதமாக இருக்கும். பெரும்பாலான இடங்களில் மணிக்கு 50 மைல்தான் வேக வரம்பு என்பதை மட்டும் மனத்தில் வைத்துப் புறப்படுங்கள்.

1774இல் வர்ஜீனியாவில் பிறந்த லூயிஸ், படையில் அதிகாரியாக இருந்து, குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு அந்தரங்கச் செயலாளராகி, பின்னர் வில்லியம் கிளார்க்குடன் சேர்ந்து மிசௌரி ஆற்றின் வழியே மேற்கே சென்று 1805 நவம்பரில் பசிபிக் கடலைக் கண்டவர். 1806 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் திரும்பிய அவருக்கு லூயிசியானா ஆட்சிப்பகுதியின் ஆளுநர் பதவி கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1809 அக்டோபர் 11 அன்று, அன்று இவ்வழியே சென்ற நாச்செஸ் காட்டுப்பாதையில் இருந்த கிரைண்டர்ஸ் ஸ்டாண்ட் என்ற விடுதியில் துப்பாக்கிக் காயங்களோடு இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

தூணைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அடியில் செதுக்கிச் சீராக்காத முரட்டுக் கற்கள் படிப்படியாக உயர்கின்றன. அவற்றின்மேல் இழைத்த கல்லால் ஆன பீடம். பீடத்தின்மேல் உச்சி உடைந்துபோனது போலவே செதுக்கிய தூண். மொத்த உயரம் 20 அடியைச் சற்றே தாண்டும். காலத்தால் சிதைந்தது என்று முதல் பார்வையில் தோன்றினாலும், பாதியில் முறிந்த ஒரு வாழ்வைக் காட்டுவதற்காக 1848இல் வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். குதிரைமேல் அமர்ந்து கைநீட்டும் வீரனின் சிலையை விட இந்த வடிவமே லூயிஸுக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

பீடத்தின் நான்கு பக்கங்களையும் நிதானமாகச் சுற்றி வந்து படியுங்கள். ஒரு பக்கத்தில் அவருடைய துணிவையும் உண்மை தவறாமையையும் போற்றும் ஜெஃபர்சனின் சொற்கள் இருக்கின்றன. மற்றொரு பக்கம் அவர் வகித்த பொறுப்புகளை வரிசைப்படுத்திவிட்டு, அவருடைய துயர மரணம் இவ்விடத்தில் நேர்ந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தற்கொலை என்றும் இல்லை, கொலை என்றும் இல்லை. ஜெஃபர்சனும் கிளார்க்கும் தற்கொலை என்றே ஏற்றுக்கொண்டார்கள். தூணை எழுப்பிய குழுவோ, கொலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தன் அறிக்கையில் எழுதியது. அப்படி எழுதியவர்களே அந்த ஊகத்தைக் கல்லில் ஏற்றாமல் விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். உடலைத் தோண்டி ஆராயும்படி உறவுவழி வந்தோர் வைத்த கோரிக்கையும் 2010இல் நிராகரிக்கப்பட்டதால், கேள்வி இன்றும் திறந்தே நிற்கிறது.

இன்னொரு செய்தியை அறிந்துகொண்டு போனால் இந்தக் கல் வேறுவிதமாகத் தெரியும். மாண்டன் என்ற பழங்குடி இனத்தின் தலைவர் ஒருவரை அவருடைய ஊருக்குத் திருப்பி அனுப்பும் பயணத்தில், வழியிலுள்ள பழங்குடியினருக்குப் பரிசாகக் கொடுக்கப் புகையிலையும் வெடிமருந்தும் வாங்கிய 500 டாலர் கணக்கை 1809இல் போர்த்துறை ஏற்க மறுத்தது. தம் கணக்குகளை நேரில் விளக்குவதற்காக வாஷிங்டன் புறப்பட்ட வழியில்தான் லூயிஸ் இறந்தார். இந்த நினைவுத் தூணுக்காக டென்னசி சட்டமன்றம் ஒதுக்கிய தொகையும் அதே 500 டாலர்தான். இடைப்பட்ட காலத்தில் கல்லறையைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலர். 1810இல் இங்கு வந்த பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன், வேலி அடைப்பதற்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

குறை என்று சொன்னால், கல்வெட்டு லூயிஸ் ஒருவரை மட்டுமே பேசுகிறது. அந்தக் குழுவோடு சென்ற ஷோஷோனி பழங்குடிப் பெண் சாகாஜாவியாவும், கிளார்க்கின் அடிமையாகவே அந்தப் பயணம் முழுவதும் உழைத்த யார்க்கும், குதிரையும் உணவும் தந்து குழுவைக் காப்பாற்றிய பழங்குடி மக்களும் அதில் இல்லை. 1848இல் எழுதிய வாசகத்தை இன்று மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. எனவே அந்தப் பயணத்தின் வரலாற்றை ஓரளவு படித்துவிட்டு வருவது நல்லது. தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் குழந்தைகளுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அருகிலுள்ள மரவீடு லூயிஸ் இறந்த பழைய விடுதி அல்ல, பிற்காலத்தில் கட்டியது. பழைய நாச்செஸ் பாதையின் ஒரு துண்டும் இங்கே இருக்கிறது. எண்ணற்ற கால்களும் வண்டிகளும் போய்வந்த தடம் என்பதால் சிறிது தூரமாவது அதில் நடந்து பாருங்கள். இரவு தங்க விரும்புவோருக்கு 32 இடங்கள் கொண்ட கூடார முகாம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கே இடம். மின் இணைப்பும் கிடையாது. ஆகவே வார இறுதியில் வருவதானால் பகலிலேயே வந்து சேர்ந்துவிடுங்கள். உணவுப் பொருட்களையும் ஹோஹென்வால்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.