கவுச்சோவைப் பார்க்க ஒரு நாள்: பண்ணையா, அரேகோவா, மட்டதேரோஸா?

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் நான்கைந்து நாள் தங்குகிறவர்கள் அதில் ஒன்றைப் பாம்பா சமவெளிக்கு ஒதுக்குவது வழக்கம். குதிரை, மாடு, தணலில் வேகும் இறைச்சி, தொப்பியும் கத்தியுமாகக் கவுச்சோ என்ற குதிரையேறிய மாட்டுக்காரன். ஹோட்டலில் விசாரித்தால் பண்ணைச் சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உடனே பணம் கட்டிவிட வேண்டாம். அதே ஒரு நாளுக்கு இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலியில்லாத வெளியில் மாடு துரத்தித் திரிந்த பழைய கவுச்சோ இன்று எங்கும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பிவேலி பரவி நிலத்தைக் கூறுபோட்டது. நாடோடியாக இருந்தவன் பண்ணையில் சம்பளத்துக்கு நிற்கும் ஆளானான். எனவே நீங்கள் எங்கே போனாலும் பார்க்கப்போவது ஒரு நினைவைத்தான். அந்த நினைவை யாருக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் மூன்று இடங்களும் வேறுபடுகின்றன.

பண்ணை நாள் வெளியூர்க்காரருக்காகவே அமைந்தது. எஸ்தான்சியா என்றால் பெரிய கால்நடைப் பண்ணை. நகரிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், லோஸ் கார்தாலெஸ் ஊருக்கு அருகே உள்ள சாந்தா சுசானா இவற்றில் பெயர் பெற்றது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் தன் மனைவியின் பெயரைச் சூட்டிய பண்ணை அது. போனவுடன் எம்பனாடா என்ற பூரணம் வைத்த பலகாரமும் ஒயினும் தருவார்கள். குதிரையிலோ வண்டியிலோ ஒரு சுற்று, பிறகு அசாடோ என்ற தணல் இறைச்சி விருந்து, ஆட்டம் பாட்டு, கடைசியாகக் குதிரை விளையாட்டு. எல்லாம் கல்யாண வீட்டுப் பந்தி போல வரிசையாக நடக்கும். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துச் செல்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் குதிரைச் சவாரி என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்: ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் குதிரைகளின் மேல் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான். உண்மையிலேயே சவாரி செய்ய ஆசைப்பட்டால், அடுத்துச் சொல்லப்போகும் அரேகோ ஊரைச் சுற்றியுள்ள சிறு பண்ணைகளில் ஓர் இரவு தங்குங்கள். செலவு கூடும், கூட்டம் குறையும்.

அடுத்தது சான் அந்தோனியோ டி அரேகோ. என் ஓட்டு இந்த ஊருக்குத்தான். ரெத்திரோ பஸ் நிலையத்தில் டிக்கெட் எடுத்தால், 113 கி.மீ. வடமேற்கே, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஊர் முழுவதையும் நடந்தே பார்க்கலாம். இங்கே நினைவு காட்சிப்பொருளாக நிற்காமல் தொழிலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிப் பட்டறைகளில் கத்தி உறைகளும், மாத்தே பானம் அருந்தும் குவளைகளும், நாணயங்கள் கோத்த ‘ராஸ்த்ரா’ என்ற அகன்ற இடுப்புப்பட்டைகளும் உருவாகின்றன. பதப்படுத்தாத தோலைக் கயிறாகப் பின்னிக் கடிவாளம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றை வாங்குகிறவர்கள் எல்லோரும் சுற்றுலாக்காரர்கள் அல்லர். குதிரை வைத்திருப்பவர்கள் அணிவதற்கும் பூட்டுவதற்கும் வாங்குகிறார்கள். பட்டறை வாசலில் தயங்காமல் நின்று பாருங்கள்.

இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நாவல். ரிக்கார்தோ குய்ரால்தெஸ் 1926இல் எழுதிய ‘தோன் செகுந்தோ சோம்ப்ரா’வில் வரும் கவுச்சோவுக்கு முன்மாதிரி, செகுந்தோ ராமிரெஸ் என்ற உண்மையான மனிதர். எழுத்தாளர், அவருடைய பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவர் இருவருமே இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். 1857இல் கட்டிய பழைய பாலத்தில் ஆற்றைக் கடந்தால் குய்ரால்தெஸ் பெயரிலேயே கவுச்சோ அருங்காட்சியகம் வரும். பார்த்தால் காலனிய காலத்துப் பண்ணை வீடு போலத் தோன்றும். உண்மையில் 1930களில் அந்தப் பாணியில் எழுப்பியது, 1938இல் திறக்கப்பட்டது. ஏமாற்றமாக நினைக்காதீர்கள். பக்கத்திலிருக்கும் ‘லா பிளாங்கியாதா’ என்ற பழைய புல்பெரியா அசல். கடையும் சாராயக்கடையும் அரட்டை மண்டபமுமாக இருந்த இடம் அது.

அரேகோவின் குறை மதியத் தூக்கம். மதிய உணவுக்குப் பின் பல கடைகள் சாத்திவிடும். பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வார நாளில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். நவம்பர் 10ஐ ஒட்டி மரபுத் திருவிழா நடக்கும்போது நேர்மாறாகக் கால் வைக்க இடமிருக்காது. ‘மார்த்தின் ஃபியெரோ’ என்ற கவுச்சோ காவியத்தை எழுதிய ஹோசே எர்னாந்தெஸ் பிறந்த நாள் அது. ஊர்வலம் பார்க்கவேண்டும் என்றால் அறையை வெகு முன்னதாகவே பிடித்துவைக்க வேண்டும்.

மூன்றாவது வழிக்கு நகரை விட்டு வெளியே போகவே வேண்டாம். நகரின் மேற்கு ஓரத்திலுள்ள மட்டதேரோஸ் என்ற பேட்டையில் 1986 முதல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுகிறது. பெயருக்கே ‘கசாப்புக்கூடங்கள்’ என்றுதான் பொருள். 2022இல் கன்யுவேலாஸுக்கு மாறும் வரை பெரிய மாட்டுச் சந்தை இந்தப் பகுதியில்தான் இருந்தது. நாட்டின் உள்மாகாணங்களிலிருந்து நகருக்குக் குடிவந்தவர்கள் இங்கே தங்கள் ஊர்ப் பாட்டுக்கு நடுத்தெருவில் ஆடுகிறார்கள். கைக்குட்டை வீசி ஆடும் நடனத்தில் எழுபது வயதுப் பாட்டியும் பேரனும் ஜோடியாக இருப்பார்கள். பார்வையாளர் வந்தாரா இல்லையா என்று அவர்கள் கவனிப்பதே இல்லை.

சொர்த்திஹா விளையாட்டைப் பார்க்க இதுதான் நல்ல இடம். தெருவில் மணல் கொட்டி, உயரத்தில் குறுக்குக்கட்டை ஒன்றைப் போட்டு, அதில் மோதிரம் அளவு சிறு வளையத்தைத் தொங்கவிடுவார்கள். வீரன் அங்கவடியில் எழுந்து நின்று முழுப் பாய்ச்சலில் வந்து, கையிலிருக்கும் சிறு குச்சியால் வளையத்தைக் கோத்தெடுக்க வேண்டும். பண்ணையில் நடப்பதும் இதே விளையாட்டுதான், ஆனால் இங்கே தவறவிட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அவனுடைய சொந்தக்காரர்கள். செலவு நகரப் பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டுமே. குறை என்னவென்றால், சமவெளியே கண்ணில் படாது. கோடையில், அதாவது ஜனவரி வாக்கில், சந்தை நாளும் நேரமும் மாறக்கூடும். போவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. அசாடோவில் இறைச்சியும் உப்பும் தணலும்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அதே கம்பித்தட்டில் வாட்டிய ‘ப்ரோவொலேத்தா’ என்ற பாலாடைக்கட்டி கிடைக்கும். சோளம் வைத்த எம்பனாடாவும் உண்டு. பண்ணைக்குப் போவதானால் முன்பதிவின்போதே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் சாலட்டும் ரொட்டியும்தான்.

ஞாயிறு கையில் இருந்தால் மட்டதேரோஸ், மற்ற நாளில் அரேகோ, குடும்பத்தோடு போனால் பண்ணை என்பது என் கணக்கு. மழை பிடித்துக்கொண்டால் மூன்றையும் விட்டுவிட்டு லுஹான் ஊருக்குப் போங்கள். 1925இல் புவெனஸ் அயர்ஸில் கிளம்பி 1928இல் நியூயார்க் சேர்ந்த காத்தோ, மாஞ்சா என்ற இரண்டு கிரியோஜோ (உள்நாட்டு இன) குதிரைகளைப் பாடம் செய்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கிளம்பும்போதே இரண்டுக்கும் பதினைந்து வயதுக்குக் குறையாது.