நீலக் கட்டம் காட்டிக்கொடுக்கும் முன்மாதிரி

செயலி ஒன்றுக்கு யோசனை வைத்திருக்கும் நண்பர் நேற்று கேட்டார்: “நிரல் எழுத ஆள் பிடிப்பதற்கு முன்னால் கிளிக் செய்து பார்க்கும்படி ஒரு முன்மாதிரி செய்யச் சொல்கிறார்கள். அதைச் செய்யும் கருவிக்கு மாதாமாதம் பணம் கட்டலாமா?” ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் பதில் நீண்டுவிட்டது. திரைகளை வரைந்து, பொத்தானிலிருந்து அடுத்த திரைக்கு அம்புக்குறி இழுக்கும் கதையெல்லாம் அவருக்கே தெரியும். கருவியின் பெயரும் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அது ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல.

சென்னையில் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரவழைக்கும் செயலிக்காக ஒரு முன்மாதிரி செய்தோம். 20 லிட்டர் கேன், அதற்கு முன்பணம், காலிக் கேனைத் திருப்பித் தரும் கணக்கு. இந்தக் கடைசி விஷயத்தை மக்கள் திரையில் எங்கே தேடுவார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஓர் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தோம். அவர் கேன் படத்தைத் தொட்டார். அங்கே நாங்கள் எதையும் இணைக்கவில்லை. உடனே, எங்கெல்லாம் தொடலாமோ அங்கெல்லாம் நீலக் கட்டங்கள் மின்னின. அவரும் சமர்த்தாக நீலத்தைத் தொட்டு வேலையை முடித்துவிட்டார். தேர்வறையில் கண்காணிப்பாளரே விடையைச் சொல்லிவிட்டு மாணவனுக்கு முழு மதிப்பெண் போட்டது போலிருந்தது.

இதை அணைக்க வழி இருக்கிறது. இருந்தும், முன்மாதிரியைத் திறக்கும் இணைப்பை (லிங்க்) புதிதாகப் பகிரும்போதெல்லாம் அது மீண்டும் முளைத்து நிற்கிறது. முதலாளிக்கோ முதலீட்டாளருக்கோ திரைகளைக் காட்டும்போது இந்த மின்னல் உதவும், மறுக்கவில்லை. வழி தெரியாமல் விழிப்பவரைக் கரையேற்றிவிடும். ஆனால் சோதனை என்பதே அவர் எங்கே விழிக்கிறார் என்று பார்ப்பதற்குத்தானே?

பாராட்டையும் மறைக்கக் கூடாது. அந்த அம்மாவின் கையில் இருந்த கைப்பேசியில் ‘ரிட்டர்ன்’ என்றிருந்ததை என் மடிக்கணினியில் ‘காலிக் கேன்’ என்று மாற்றினேன். அடுத்த நொடியே அங்கும் மாறியது. ஒரு வரி நிரல் இல்லை. முகவரிப் பெட்டியைத் தொட்டால் தட்டச்சு செய்ய முடியாது, நாங்கள் முன்பே எழுதி வைத்த முகவரிதான் வரும். அதைப் பார்த்ததும் அந்த அம்மா, “இது எங்கள் வீடு இல்லையே, கேன் யார் வீட்டுக்குப் போகும்?” என்று பதறினார். படம் என்பதை மறந்து, உண்மையிலேயே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்! அதைவிடப் பெரிய நற்சான்று எந்தக் கருவிக்கும் கிடைக்காது.

ஆனாலும் ‘யோசனை சரியா என்று சோதித்துவிட்டோம்’ என்று யாராவது மார்தட்டினால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் சொன்னது, பயன்படுத்தும்போது வரும் சிக்கல்களைக் கண்டுபிடிப்பது பற்றி. ஐந்து பேர் தடுமாறாமல் பொத்தானை அழுத்தினார்கள் என்றால் பொத்தான் சரியான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பணம் கொடுப்பார்களா என்பது வேறு கேள்வி. பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாகின்ஸ் அதற்கு முன் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். அதில் கிளிக் செய்ய ஒன்றுமில்லை. இதைக் கையோடு வைத்துக்கொள்வேனா என்ற ஒரே கேள்விக்கு அந்தக் கட்டை போதுமானதாக இருந்தது.

ஆகவே, நண்பரே, பணம் கட்ட வேண்டாம். முதலில் தாளில் வரைந்து நாலு பேரிடம் நீட்டுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் நிஜ ஆர்டர் வாங்கி, முன்பணம் கேட்டுப் பாருங்கள். திரைகள் குழப்புகின்றனவா என்ற கேள்வி வரும்போது இலவசத் திட்டமே போதும், நீலக் கட்டத்தை அணைத்துவிட்டு. நான் மட்டும் ஏன் இன்னும் சந்தா கட்டுகிறேன் என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது, அடுத்த மாதமும் கட்டத்தான் போகிறேன்.